பட்டவர் சொல்ல வேண்டும்

சனிக்கிழமை, மாலை ஐந்தரை.
ஹெர்வாந்தா கடைசி நிறுத்தத்தில்
ட்ராமை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து
குளியலறை டைல்ஸ் தரையில் மண்தொட்டியை வைக்கிறேன்.
செடி செத்துப்போன தொட்டி.
அதனுள்ளே, விரலைவிடச் சற்றே தடித்த
லித்தியம் பாட்டரி.

வாங்கும் முன்பு
துப்பாக்கியின் பின்கட்டைக் குழாயைத்தான் அளந்தேன்.
நுழையாத பாட்டரிக்கு எவ்வளவு வீரம் இருந்தென்ன?
ஒயரை மடக்கித் திணித்தால்
என்றாவது தோல் உரிந்து
சிவப்பும் கறுப்பும் முத்தமிட்டுக்கொள்ளும்.
அந்தக் கல்யாணத்துக்குத் தீயணைப்பு வண்டிதான் வரும்.

ஔலிஸ் பதினொன்று புள்ளி ஒன்று வோல்ட் வாங்கினான்.
"உன்னுடையது ஏழு புள்ளி நான்குதானா, தூய்ரே?"
என்று பாவப்பட்டான்.
முதல் ஆட்டத்தில் தையல் மெஷின் மாதிரி சுட்டான்.
இரண்டாவதில் உள்ளே பல்சக்கரம்
பொடிப்பொடியாய் உதிர்ந்தது.
மூன்றாவதில் எங்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்தான்.
நல்ல காபி.

சார்ஜரிடம் பொய் சொல்லக் கூடாது.
அது எதையும் சந்தேகப்படாது, சொன்னதைச் செய்யும்.
வகை: லித்தியம் பாலிமர்.
செல்: இரண்டு.
ஆயிரத்து இருநூறு மில்லி ஆம்பியர் கொள்ளும் வயிற்றுக்கு
ஒன்று புள்ளி இரண்டு ஆம்பியர். ஒரு மணி நேரம்.
வெள்ளைக் குட்டிப் பிளக்கையும் மறக்காமல் சொருகுகிறேன்,
ஒரு செல் தின்று கொழுக்க
மற்றது பட்டினி கிடக்காதிருக்க.
பிறகு கதவைத் திறந்துவைத்து
எதிரே நாற்காலி போட்டு சாக்ஸ் தைக்கிறேன்.

டிப்போவிலிருந்து போன்.
யாருக்கோ காய்ச்சல். இரவு ஷிப்டுக்கு ஆளில்லை.
திரையில் அறுபத்தொரு சதவீதம்.
இன்னும் அரை மணியில் தானே நிறுத்திக்கொள்ளும்,
நல்ல சார்ஜர், விலை கொடுத்து வாங்கியது.
மாடியில் ஒரு குழந்தை நடை பழகுகிறது,
தொம், தொம்,
என் தலைக்கு நேர் மேலே.

பிடுங்கினேன்.
அரை வயிற்றோடு எழுந்து வா.

வீடு திரும்புகையில் மணி ஒன்றரை.
காலையில் எழுப்பியது ஔலிஸின் ஹாரன்.
வெளியே மைனஸ் பதினொன்று.
பாட்டரியைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டேன்.
குளிரில் அதற்கும் கை கால் விறைக்கும்.

பழைய கல்குவாரி. பைன் மரங்கள். பனி.
இரண்டு ஆட்டம் தாங்கியது.
மூன்றாவதில், ஒரு பாறைக்குப் பின்னால்,
துப்பாக்கி ஒருமுறை முனகிவிட்டு நின்றது.
இன்னும் ஒரு தடவை அழுத்தினால் இன்னும் ஒரு குண்டு வரலாம்.
அழுத்தவில்லை.
அடிமட்டம் வரை உறிஞ்சினால்
பிறகு அது எழுந்திருக்காது.

சும்மா உட்கார்ந்தேன்.
மரங்கொத்தி ஒன்று எங்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
எதிரணி லெம்பி, பத்தொன்பது வயது,
புதரிலிருந்து சுட்டாள்.
ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணி,
என் குளிர்க்கோட்டின் கையில்
யாரோ கூப்பிட்டாற்போல் தட்டிவிட்டு
பனிக்குள் போய்விட்டது.
வெள்ளைக்குள் வெள்ளை.
நடுவர் பார்க்கவில்லை. லெம்பியே பார்க்கவில்லை,
மறுபடி குறி வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த விளையாட்டில்
சுட்டவருக்குத் தெரியாது.
பட்டவர்தான் சொல்ல வேண்டும்.

"ஓசுமா!" என்று கத்தி
சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கினேன்.
அந்தப் பெண் நம்பாமல் சிரித்தாள்.

திரும்பும் வழியில்
ஔலிஸ் தன் பாட்டரியை எடுத்துக் காட்டினான்.
நடுவில் லேசாக உப்பியிருந்தது.
"கொஞ்சம்தானே," என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச தூரம் போன பிறகு அவனே
முனைகளில் டேப் ஒட்டி
சூப்பர் மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தி
பழைய பாட்டரிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

இரவு. என்னுடையது
மேசைமேல் ஒரு மணி நேரம் குளிர் விடுகிறது.
அதற்கு முன் ஊட்டக் கூடாது.
பிறகு தொட்டி, நாற்காலி, மிச்ச சாக்ஸ்.
செல் ஒன்றுக்கு மூன்று புள்ளி எட்டு,
அதோடு நிறுத்துகிறேன். நிரப்பி வைப்பது
ஆட்டத்துக்கு முந்தின நாள் வேலை.
அடுத்த ஞாயிறு விடுமுறை எப்போதென்று
டிப்போவுக்கே இன்னும் தெரியாது.